போர் தின்ற மண்ணில் கேமரா: ஆவணப்படம் தொடங்குபவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

காடாம்புலியூர் சுற்றுவட்டாரத்தில் இன்று பல இளைஞர்கள் கையில் நல்ல கேமரா இருக்கிறது. கல்யாண வீடியோ எடுக்கிறார்கள், குறும்படம் எடுக்கிறார்கள், திருவிழாவில் ட்ரோன் பறக்கவிடுகிறார்கள். அவர்களில் சிலர், "அண்ணா, ஈழத்துக்குப் போய் ஒரு ஆவணப்படம் எடுக்கணும், எங்கேயிருந்து தொடங்குறது?" என்று என்னிடம் கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஆசை நியாயமானது. தூரமும் அதிகமில்லை. வடலூரைத் தாண்டிக் குறிஞ்சிப்பாடிக்குப் போனால் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கிறது. தமிழ்நாடு முழுக்க இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்கள். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் பயணிகள் கப்பல் ஓடத் தொடங்கியது. கேமராவைத் தூக்கிக்கொண்டு போவது சுலபம். போய் என்ன செய்கிறோம் என்பதில்தான் பொறுப்பு இருக்கிறது.

ஒன்றை மட்டும் தொடக்கத்திலேயே மனதில் பதித்துக்கொள்ளுங்கள். படம் எடுத்தவர் ஊர் திரும்பிவிடுவார்; பேசியவர் அங்கேயே இருப்பார். லென்ஸ் எது, விளக்கு எங்கே, எந்த வாக்கியத்தை வெட்டுவது, எந்த ஊரில் முதலில் திரையிடுவது என்று நீங்கள் எடுக்கும் ஒவ்வொரு முடிவும் இதிலிருந்துதான் வர வேண்டும். கீழே உள்ள படிகள் எல்லாம் இந்த ஒரு வரியின் விரிவுதான்.

படி 1: கேள்வியைச் சுருக்குங்கள்

"இலங்கைப் போர்" என்று மட்டும் சொன்னால் அது படத்துக்கான பொருள் ஆகாது. 1983 ஜூலைக் கலவரத்திலிருந்து 2009 மே மாதம் முள்ளிவாய்க்கால் வரைக்குமான இருபத்தாறு ஆண்டுகளை எந்தப் படமும் ஒரே மூச்சில் சொல்லிவிட முடியாது. நல்ல படங்கள் எல்லாம் ஒரு சிறிய வாசல் வழியாகத்தான் உள்ளே போயிருக்கின்றன.

சோமீதரன் 2008-ல் எடுத்த 'எரியும் நினைவுகள்' யாழ்ப்பாணம் பொது நூலகத்தைப் பற்றியது. 1981 மே 31 இரவு வைத்த தீயில் ஏறத்தாழ 97 ஆயிரம் நூல்கள் சாம்பலாயின. ஒரு கட்டடம், ஓர் இரவு, அதை மறக்க முடியாத மனிதர்கள். அவ்வளவுதான் எடுத்துக்கொண்டார், ஒரு மக்கள் கூட்டத்தின் காயம் முழுவதும் அதில் தெரிகிறது. லீனா மணிமேகலையின் 'ஒயிட் வேன் ஸ்டோரீஸ்' (2013) காணாமல் ஆக்கப்பட்டவர்களைத் தேடி அலையும் பெண்களோடு நடக்கிறது. ஜூட் ரட்ணத்தின் 'டீமன்ஸ் இன் பாரடைஸ்' இயக்குநரின் சொந்தக் குடும்பத்தையும், ஒரு காலத்தில் போராளியாக இருந்த உறவினர் ஒருவரையும் பின்தொடர்கிறது. பல ஆண்டு உழைப்பில் உருவாகி, 2017-ல் கான் விழாவில் திரையிடப்பட்டது.

நீங்களும் ஒரு நோட்டில் உங்கள் கேள்வியை ஒரே வாக்கியமாக எழுதுங்கள். அதற்குக் கீழே மூன்று பதில்களை எழுதுங்கள். இதற்குப் பதில் சொல்லத் தகுந்தவர் யார்? கேமராவில் காட்டக்கூடியது எது? படம் வெளிவந்தால் யாருக்கு ஆபத்து? மூன்றாவது கேள்விக்குப் பதில் தெரியும்வரை டிக்கெட் போடாதீர்கள்.

படி 2: கிளம்புமுன் படியுங்கள், பாருங்கள்

ஒருவர் தன் வாழ்க்கையின் மிக மோசமான நாளைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது, "மாத்தளன் எங்கே இருக்கு?" என்று குறுக்கே கேட்பது அவமரியாதை. வரைபடமும் தேதிகளும் உங்கள் தலைக்குள் இருக்க வேண்டும்.

நூலகம் நிறுவனத்தின் இணைய நூலகத்திலிருந்து தொடங்குங்கள். ஈழத்து நூல்கள், சிற்றிதழ்கள், பழைய பத்திரிகைகள் அங்கே இலவசமாகக் கிடைக்கின்றன. அடுத்து இரண்டு அறிக்கைகள். ஒன்று, ஐ.நா. பொதுச்செயலர் அமைத்த நிபுணர் குழு 2011-ல் வெளியிட்டது. இறுதிக்கட்டப் போரில் 40 ஆயிரம் பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்ற மதிப்பீடு அதில்தான் வருகிறது. மற்றொன்று, இலங்கை அரசு நியமித்த 'கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு' அதே ஆண்டில் கொடுத்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்து, தேதிவாரியாக உங்களுக்கென்று ஒரு கால அட்டவணை தயாரியுங்கள். பேட்டியில் கேட்பதைப் பின்னால் சரிபார்க்க அதுதான் உதவும்.

காட்சிகளின் வரலாற்றையும் தெரிந்துகொள்ளுங்கள். 2008 செப்டம்பரில் ஐ.நா. பணியாளர்களும் தொண்டு நிறுவனங்களும் போர் நடந்த வன்னிப் பகுதியை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. சுதந்திரமான செய்தியாளர்களுக்கும் அனுமதி இல்லை. ஆகவே கடைசி மாதங்களின் காட்சிகளில் பெரும்பகுதி, உள்ளே சிக்கியிருந்த மக்களும் படைவீரர்களும் கைபேசியிலும் சிறு கேமராவிலும் பதிந்தவை. ஆவணப்பட இயக்குநர் கேலம் மெக்ரே அவற்றைத் திரட்டித்தான் 2011-ல் சேனல் 4-க்கான படத்தையும், 2013-ல் 'நோ ஃபயர் ஸோன்' படத்தையும் எடுத்தார். அந்தக் காட்சிகளைத் தடயவியல் வல்லுநர்கள் ஆராய்ந்த பிறகுதான் அவை உலகின் முன் சாட்சியாக நின்றன. அடுத்தவர் எடுத்த காட்சி உங்கள் கைக்கு வந்தால், யார் எடுத்தது, எப்போது, எங்கே, யார் வழியாக வந்தது என்று அன்றே எழுதி வையுங்கள்.

தேடிச் சேர்ப்பது நமக்குப் புதிய வேலையும் அல்ல. ஏ.கே. செட்டியார் 1930-களின் இறுதியில் கண்டம் விட்டுக் கண்டம் அலைந்து காந்தியின் படச்சுருள்களைச் சேகரித்தார். 1940-ல் அவற்றை முழுநீள ஆவணப்படமாக்கினார். தமிழில் ஆவணப்படம் எடுக்கிற எல்லோருக்கும் அவர் முன்னோடி.

படி 3: சொந்த ஊரில் பழகுங்கள்

பேட்டி எடுக்கும் கை நம் ஊரிலேயே பழகிவிட வேண்டும். அதற்கு இரண்டு பயிற்சிகள் சொல்கிறேன்.

முதல் பயிற்சி, தானே புயல். 2011 டிசம்பர் 30 காலையில் கரை கடந்த அந்தப் புயலில் பண்ருட்டி வட்டாரத்து முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. தோப்பை இழந்த பெரியவர்கள் இரண்டு பேரிடம் தனித்தனியே பேசுங்கள். "எப்படி உணர்ந்தீங்க?" என்று கேட்காதீர்கள். "அன்னிக்கு முதல்ல என்ன சத்தம் கேட்டது? வீட்ல யார் யார் இருந்தாங்க? காத்து நின்னதும் முதல்ல எங்கே போனீங்க?" என்று கேளுங்கள். இருவர் சொல்லும் நேரமும் வரிசையும் ஒத்துப்போகாது. அதற்காக யாரும் பொய் சொல்கிறார்கள் என்று ஆகாது. இழப்பின் நினைவு அப்படித்தான் அடுக்கப்பட்டிருக்கும். எதை அப்படியே ஏற்பது, எதை வேறொரு ஆதாரத்தோடு ஒப்பிடுவது என்று இங்கே கற்றுக்கொண்டால் அங்கே தடுமாற மாட்டீர்கள்.

இரண்டாவது, முந்திரி உடைக்கும் கொட்டகை. அங்கே வேலை செய்யும் அக்காவின் கையை மட்டும் எடுங்கள். ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் தோலைக் கருக்கிவிடும். அதனால் விரல்களில் சாம்பலைத் தொட்டுக்கொண்டே உடைப்பார்கள். கொட்டையைப் பிடிக்கும் விதம், தட்டும் தாளம், பருப்பு உடையாமல் வெளியே வந்ததும் விரல் ஒரு கணம் நிற்பது, இவற்றைத் தூரக் காட்சி, நடுத்தரக் காட்சி, நெருக்கக் காட்சி என்று பிரித்து எடுங்கள். முகமே இல்லாமல் அந்த அக்காவைப் பார்ப்பவருக்கு அறிமுகப்படுத்திவிட முடிந்தால், போர் நிலத்தில் உங்களுக்கு மிகவும் தேவைப்படும் திறமை கைவந்துவிட்டது என்று பொருள். ஏன் என்பது படி 8-ல் புரியும்.

இதற்குப் பிறகு முகாம்களுக்குப் போகலாம். உள்ளே படம் எடுக்க அரசின் அனுமதி வேண்டும். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுத்துத் தொடங்குங்கள். முதலில் கேமரா இல்லாமல் போய்ப் பழகுங்கள். அங்கிருப்பவர்களின் சொந்தக்காரர்கள் மன்னாரிலும் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் இருக்கிறார்கள். அந்த உறவின் வழியாகக் கிடைக்கும் அறிமுகம் எந்தக் கடிதத்தையும்விட வலுவானது. அவர்கள் பேச்சும் காதில் பழகும். ஷெல்லடி, கிபிர் (குண்டுவீச்சு விமானம்), பங்கர், இடம்பெயர்வு, தடுப்பு என்று பேட்டியில் சொற்கள் வரும்போது நிறுத்தி விளக்கம் கேட்க வேண்டியிருக்காது.

படி 4: அனுமதியும் காகிதங்களும்

சுற்றுலா விசாவில் போய்த் தொழில்முறைப் படப்பிடிப்பு நடத்தாதீர்கள். பிடிபட்டால் உங்களைத் திருப்பி அனுப்புவார்கள். உங்களோடு பேசியவர்களை அதன் பிறகும் விசாரிப்பார்கள். கதைச் சுருக்கம், குழுவினர் பட்டியல், கருவிகளின் பட்டியல், போகும் இடங்கள் எல்லாவற்றையும் எழுதி முறையாக விண்ணப்பியுங்கள். ராணுவ முகாம், கடற்படைத் தளம், சோதனைச்சாவடி ஆகியவற்றை அனுமதியில்லாமல் எடுக்கக் கூடாது. ட்ரோனுக்குத் தனி அனுமதி வேண்டும். வடக்கில் அது பெரும்பாலும் தலைவலிதான். முடிந்தால் வீட்டிலேயே விட்டுச் செல்லுங்கள்.

கருவிகளின் வரிசை எண்களைப் பட்டியலிட்டு, கிளம்பும் இடத்திலேயே சுங்க அதிகாரியிடம் ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் திரும்பும்போது உங்கள் சொந்தக் கேமராவுக்கே வரி கேட்பார்கள்.

சட்டங்களையும் தெரிந்துகொள்ள வேண்டும். இலங்கையில் 1979-ல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் உங்களைவிட உங்களோடு பேசுபவரைத்தான் அதிகம் பாதிக்கும். விடுதலைப்புலிகள் இயக்கத்துக்கு இந்தியாவில் 1992 முதல் தடை இருக்கிறது. ஆகவே கொடி, சின்னம், பாடல் எதைப் படத்தில் சேர்க்கும் முன்பும் ஒரு வழக்கறிஞரைக் கேளுங்கள்.

அனுமதி இருந்தால் மட்டும் வழி திறந்துவிடாது. 2013 நவம்பரில் காமன்வெல்த் மாநாட்டுக்காக இலங்கை போன மெக்ரேயின் குழு கிளிநொச்சிக்கு ரயில் ஏறியது. அநுராதபுரத்தில் ஆர்ப்பாட்டக்காரர்கள் ரயிலை மறித்தார்கள்; குழு கொழும்புக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. பயணத் திட்டத்தில் எப்போதும் இரண்டாவது வழியும், வேலை இல்லாமல் காத்திருக்கச் சில நாட்களும் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 5: உள்ளூர்த் துணையைத் தேர்ந்தெடுங்கள்

வழி காட்டவும், ஆட்களை அறிமுகப்படுத்தவும், எங்கே போகக் கூடாது என்று சொல்லவும் ஓர் உள்ளூர்க்காரர் வேண்டும். திரைத்துறையில் ஃபிக்ஸர் என்பார்கள். பெரும்பாலும் அவர் உள்ளூர்ச் செய்தியாளராக இருப்பார். போர் நிலத்தில் அதிக விலை கொடுப்பவர்கள் அவர்கள்தான். பி.பி.சி. தமிழோசைக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்த மயில்வாகனம் நிமலராஜன் 2000 அக்டோபர் 19 அன்று யாழ்ப்பாணத்தில் தன் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். மூத்த பத்திரிகையாளர் ஐயாத்துரை நடேசன் 2004 மே 31 அன்று மட்டக்களப்பில் கொல்லப்பட்டார். வெளியூரிலிருந்து போகிறவர் இந்தப் பெயர்களை மறக்கக் கூடாது.

படத்தின் முழு நோக்கத்தையும் ஃபிக்ஸரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். நியாயமான சம்பளத்தை முன்கூட்டியே பேசி, நாளுக்கு நாள் கொடுத்துவிடுங்கள். "இந்தத் தெரு வேண்டாம்" என்று அவர் சொன்னால் அதோடு முடிந்தது, வாதாடாதீர்கள். பெயரைப் படத்தில் போடலாமா என்று படப்பிடிப்பு முடிந்ததும் ஒரு முறை, வெளியீட்டுக்கு முன் ஒரு முறை கேளுங்கள்.

எந்தப் பக்கத்து ஆயுதக்காரர்களாவது உங்களை அழைத்துப்போய்க் காட்டினால், அதைப் படத்திலேயே சொல்லிவிடுங்கள். நார்வே இயக்குநர் பியாத்தே ஆர்னெஸ்டாட்டின் 'மை டாட்டர் தி டெரரிஸ்ட்' (2007) விடுதலைப்புலிகளின் தற்கொலைப் படையான கரும்புலிகளில் இரண்டு பெண்களையும், அவர்களில் ஒருவரின் தாயையும் நெருக்கமாகக் காட்டுகிறது. அதைப் பார்க்கும்போது, எந்தக் கதவை யார் திறந்துவிட்டார்கள், எது மூடியே இருந்திருக்கும் என்று யோசித்துக்கொண்டே பாருங்கள். நல்ல பாடம்.

படி 6: பையில் என்ன இருக்க வேண்டும்

கருவி குறைவாக இருந்தால் மரியாதை அதிகமாகக் கிடைக்கும். இரண்டு பேர் தூக்கக்கூடிய அளவுக்கு மேல் வேண்டாம்.

• வெளிச்சம் குறைந்த வீட்டுக்குள்ளும் எடுக்கக்கூடிய ஒரு மிர்ரர்லெஸ் கேமரா, ஒரு ஜூம் லென்ஸ், ஒரு 50 மி.மீ. லென்ஸ்.
• காலர் மைக் இரண்டு, ஷாட்கன் மைக் ஒன்று, தனி ஒலிப்பதிவுக் கருவி ஒன்று. படம் கொஞ்சம் மங்கினால் பொறுத்துக்கொள்ளலாம். குரல் கெட்டால் சாட்சியே போய்விடும்.
• எடை குறைந்த ட்ரைபாட், கூடுதல் பேட்டரிகள், பவர் பேங்க்.
• மெமரி கார்டுகள் தேவைக்கு இரண்டு மடங்கு. ஒரே மாதிரி இரண்டு ஹார்டு டிஸ்க்.
• கடற்காற்றுக்கும் ஈரப்பதத்துக்கும் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள், மழை உறை.
• முதலுதவிப் பெட்டி, ரத்தம் நிறுத்தும் டூர்னிக்கே, அதைக் கட்டப் பழகிய கை.

பேட்டிக்கு முன் வீட்டு மின்விசிறியை நிறுத்தச் சொல்வதானால், வெக்கையில் அவர் எவ்வளவு நேரம் உட்கார முடியும் என்று பாருங்கள். வயதானவராக இருந்தால் மின்விசிறி ஓடட்டும். மைக்கை நெஞ்சுக்கு நெருக்கமாக வைத்துச் சமாளிக்கலாம்.

படி 7: உயிரோடு திரும்பும் திட்டம்

போர் முடிந்த நிலத்திலும் வெடி இருக்கும். வடக்கில் முகமாலை போன்ற இடங்களில் போர் முடிந்து பல ஆண்டுகள் கண்ணிவெடி அகற்றும் வேலை நடந்தது. மிதிவெடி எச்சரிக்கைப் பலகையோ சிவப்பு அடையாளமோ கண்டால் அங்கேயே நில்லுங்கள். ஆள் நடமாட்டம் உள்ள தடத்தை விட்டு விலகாதீர்கள். நல்ல ஃப்ரேம் கிடைக்கும் என்று இரண்டடி பின்னால் வைக்கும் கால்தான் அங்கே ஆபத்து. கைவிடப்பட்ட வீடு, கிணறு, பங்கர் எதற்குள்ளும் உள்ளூர்க்காரர் சொல்லாமல் இறங்க வேண்டாம்.

சண்டை நடந்துகொண்டிருக்கும் இடத்துக்கு, புதியவர் என்றால், போகவே வேண்டாம் என்பதுதான் என் உறுதியான கருத்து. அனுபவம் பெற்றவர்களையே போர் விட்டுவைப்பதில்லை. 2001 ஏப்ரலில் வன்னியிலிருந்து போர்முனை எல்லையைக் கடக்கும்போது போர்ச் செய்தியாளர் மேரி கால்வின் ஒரு கண்ணை இழந்தார். 2012-ல் சிரியாவின் ஹோம்ஸ் நகரில் உயிரையும் இழந்தார். புலிட்சர் பரிசு பெற்ற நம் நாட்டு ஒளிப்படக் கலைஞர் டேனிஷ் சித்திக்கி 2021 ஜூலையில் ஆப்கானிஸ்தானில் கொல்லப்பட்டார்.

அமைதியான இடத்துக்குப் போனாலும் முதலுதவிப் பயிற்சி எடுத்துக்கொள்ளுங்கள். ஊரில் ஒருவரிடம் தினப்படி திட்டத்தைக் கொடுத்து, காலையும் மாலையும் அவரிடம் பேசுங்கள். பேச்சு வரவில்லை என்றால் அவர் யாரை அழைக்க வேண்டும் என்பதும் எழுத்தில் இருக்கட்டும். தனியாக வேலை செய்பவர்களுக்குக் காப்பீடு, பாதுகாப்புப் பயிற்சி பற்றி வழிகாட்ட ரோரி பெக் அறக்கட்டளை இருக்கிறது.

படி 8: ஒப்புதல் வாங்கும் முறை

முல்லைத்தீவுப் பக்கம் ஒரு வீட்டில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். மகனைத் தேடும் அம்மா, பேட்டி தொடங்குமுன் ஒரு பிளாஸ்டிக் ஃபைலை எடுத்துவந்து பாயில் பிரித்தார். பிறப்புச் சான்றிதழ், பள்ளிக்கூட அட்டை, செஞ்சிலுவைச் சங்கத்தில் பதிந்த துண்டு, மனித உரிமை ஆணைக்குழுவுக்குக் கொடுத்த முறைப்பாட்டின் நகல், அடுத்து வந்த ஆணைக்குழுவுக்குக் கொடுத்த நகல், அதற்கும் அடுத்ததற்குக் கொடுத்த நகல். தேதி வரிசை பிசகாமல் அடுக்கினார். மடிப்புகள் கிழிந்த இடங்களில் ஒட்டுத்தாள். பிறகு என்னைப் பார்த்து, "முகத்தைப் போடாதேங்கோ தம்பி. மற்றப் பிள்ளை இஞ்சதான் வேலைக்குப் போறான்" என்றார். காகிதங்களை அடுக்கும் அந்தக் கைகளைத்தான் எடுத்தோம். ஓர் அரசு ஒரு தாயை எத்தனை வாசல்களில் நிறுத்தியது என்று அந்த விரல்களே சொல்லிவிட்டன. கொட்டகையில் பழகிய பயிற்சி இதற்குத்தான்.

ஒப்புதல் என்பது ஒரு கையெழுத்தோடு முடிகிற காரியம் இல்லை. மூன்று நிலைகளாகக் கேளுங்கள்: முகமும் குரலும் வரலாமா, குரல் மட்டுமா, சொன்ன செய்தி மட்டுமா? படம் இணையத்தில் வரும், உங்கள் ஊர் அதிகாரியும் பார்ப்பார், பேரப்பிள்ளையும் பார்ப்பான் என்று புரியும்படி சொல்லுங்கள். பேட்டிக்கு முன் ஒரு முறை, முடிந்த பின் ஒரு முறை, எடிட்டிங் முடிந்ததும் ஒரு முறை கேளுங்கள். எந்த நிலையில் "வேண்டாம்" என்றாலும் எடுத்துவிடுங்கள்.

முகம் வேண்டாம் என்றவரை, முகத்தோடு எடுத்துவைத்து எடிட்டிங்கில் மங்கலாக்கலாம் என்று நினைக்காதீர்கள். வழியில் கார்டு பறிபோனால் மூலக் காட்சியில் முகம் அப்படியே இருக்கும். வெளிச்சத்துக்கு எதிரே உட்காரவைத்தோ, முதுகுப் பக்கமிருந்தோ, கைகளை மட்டுமோ எடுங்கள். சுவரில் தொங்கும் படம், வாசலில் தெரியும் கோயில் கோபுரம், வண்டி எண் எல்லாமே ஆளைக் காட்டிக்கொடுக்கும். குரலின் சுருதியை மாற்றினாலும் மீட்டுவிட முடியும்; ஆபத்து பெரிது என்றால் வேறொருவரைப் பேசவைத்துப் பதியுங்கள். கைபேசியிலும் கேமராவிலும் இடம் பதியும் வசதியை அணைத்துவிடுங்கள்.

படி 9: பேட்டி எடுக்கும் நேரம்

முதல் சந்திப்பில் கேமராவை வெளியே எடுக்காமல் தேநீர் குடித்துவிட்டுப் பேசுங்கள். உட்காரும் இடத்தை அவரே தேர்ந்தெடுக்கட்டும். கதவு அவர் கண்ணில் படும்படி இருக்கட்டும். இழப்பிலிருந்து தொடங்காதீர்கள். மகன் என்ன படித்தான், எந்தக் கறி பிடிக்கும், யாரோடு சண்டை போடுவான் என்று அவன் வாழ்ந்த வாழ்க்கையிலிருந்து தொடங்குங்கள். பார்வையாளர் அவனைத் தெரிந்துகொண்ட பிறகுதான் அவன் இல்லாதது வலிக்கும்.

அழுகை வந்தால் ஜூம் செய்யாதீர்கள். "நிறுத்திடலாமா அம்மா?" என்று கேளுங்கள். தொடரச் சொன்னால் தொடருங்கள். அதே சம்பவத்தைக் கேமராவுக்காக இரண்டாம் முறை சொல்லவைப்பது கொடுமை. யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், போர் தனி ஆட்களை மட்டுமல்லாமல் குடும்பம், ஊர் என்று முழுச் சமூகத்தையும் காயப்படுத்துவதை விரிவாக எழுதியிருக்கிறார். அவரைப் படித்துவிட்டுப் போனால் மௌனத்தையும் பதிலாகக் கேட்கத் தெரியும். பேட்டி முடிந்ததும் உடனே மூட்டை கட்டாதீர்கள். பேச்சை இன்றைய நாளுக்கு, சமையலுக்கு, பேரப்பிள்ளைக்குக் கொண்டுவந்துவிட்டுக் கிளம்புங்கள். பேட்டிக்குப் பணம் கொடுக்கக் கூடாது. போக்குவரத்துச் செலவும் இழந்த நாள்கூலியும் கொடுப்பதில் தவறில்லை.

படி 10: எடுத்ததைக் காப்பாற்றுங்கள்

ஒவ்வொரு இரவும் தூங்குமுன் கார்டுகளை இரண்டு டிஸ்குகளில் ஏற்றுங்கள். இரண்டும் ஒரே பையில் இருக்கக் கூடாது. டிஸ்குகளைக் கடவுச்சொல் போட்டு மறையாக்கம் செய்யுங்கள். பேசியவர்களின் உண்மைப் பெயர்ப் பட்டியல் காட்சிகளோடு இருக்கவே கூடாது; காட்சிக் கோப்புகளுக்கு எண் மட்டும் போதும். நல்ல இணையம் கிடைத்தால் முக்கியமான பகுதிகளை ஊருக்கு அனுப்பிவிடுங்கள். 2022-ல் முற்றுகைக்குள் இருந்த உக்ரைனின் மரியுபோல் நகரில் செய்தியாளர் எம்ஸ்திஸ்லாவ் செர்னோவ், இணைப்பு கிடைத்த இடங்களில் நின்று சின்னச் சின்னத் துண்டுகளாகக் காட்சிகளை வெளியே அனுப்பினார். அதே காட்சிகளிலிருந்து உருவான '20 டேஸ் இன் மரியுபோல்' 2024-ல் ஆஸ்கர் வென்றது.

படி 11: எடிட்டிங் மேசையில் நேர்மை

எல்லாப் பேட்டிகளையும் சொல்லுக்குச் சொல் எழுத்தாக்குங்கள். ஈழத்துப் பேச்சை நம் ஊர் நடைக்குத் திருத்தாதீர்கள். ஒருவர் சொன்னதைப் படி 2-ல் தயாரித்த அட்டவணையோடு ஒப்பிடுங்கள். 2009-ன் காட்சியைச் சொல்லும் குரலுக்குக் கீழே 1995-ன் காட்சியைப் போடுவது பொய். பழைய காட்சி என்றால் ஆண்டையும் இடத்தையும் திரையில் எழுதுங்கள்.

சடலங்களைக் காட்டுவதா என்ற கேள்வி கட்டாயம் வரும். அந்த உடல் ஒருவரின் பிள்ளை. குற்றத்தை நிறுவ அந்தக் காட்சி அவசியமா, அல்லது பார்ப்பவரை உலுக்க மட்டுமா என்று கேளுங்கள். உலுக்குவதற்கு மட்டும் என்றால் வெட்டிவிடுங்கள். பின்னணி இசையையும் அடக்கி வையுங்கள். அழச் சொல்லிக் கொடுக்கும் வயலின் அங்கே தேவையில்லை.

படி 12: சான்றிதழும் திரையிடலும்

இந்தியாவில் பொதுத் திரையிடலுக்கு, 1952 திரைப்படச் சட்டத்தின்படி தணிக்கைச் சான்றிதழ் வேண்டும். போர்ப் படங்களுக்கு அது எளிதில் கிடைப்பதில்லை. ஆனந்த் பட்வர்த்தனின் 'வார் அண்ட் பீஸ்' படத்துக்குத் தணிக்கைக் குழு பல வெட்டுகள் கேட்டது. அவர் பம்பாய் உயர் நீதிமன்றம் வரை போய் 2003-ல் வெட்டில்லாமல் வென்றார். 'நோ ஃபயர் ஸோன்' படத்துக்கு 2014-ல் இந்தியாவில் சான்றிதழ் மறுக்கப்பட்டது. மலேசியாவில் அதே படத்தை 2013-ல் திரையிட்டதற்காக மனித உரிமைச் செயல்பாட்டாளர் லீனா ஹென்ட்ரி வழக்கைச் சந்தித்தார். 2017-ல் நீதிமன்றம் அவருக்கு அபராதம் விதித்தது. படத்தைத் திரையிட முன்வருபவருக்கும் ஆபத்து உண்டு. சட்டநிலையை அவருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

எதிர்ப்பு அரசுப் பக்கத்திலிருந்து மட்டும் வராது. 'டீமன்ஸ் இன் பாரடைஸ்' தமிழ் இயக்கங்களுக்குள் நடந்த வன்முறையையும் பேசியது. 2018-ல் யாழ்ப்பாணத் திரைப்பட விழாவில் எதிர்ப்பு கிளம்பி அதன் திரையிடல் கைவிடப்பட்டது. நம் மக்கள் கேட்க விரும்பாத உண்மையும் உங்கள் படத்தில் இருக்கலாம். அதை மறைக்காதீர்கள், அதற்கான ஆதாரத்தை மற்ற எதையும்விட உறுதியாக வைத்துக்கொள்ளுங்கள்.

விழாக்களில் திருவனந்தபுரத்தின் சர்வதேச ஆவணப்பட, குறும்பட விழா, மும்பை சர்வதேசத் திரைப்பட விழா, காத்மாண்டுவின் ஃபிலிம் சவுத் ஏஷியா ஆகியவை நம் போன்றவர்களுக்கு நல்ல வாசல்கள். தமிழ்நாட்டில் அமுதன் ஆர்.பி.யின் 'மறுபக்கம்' அமைப்பு நீண்ட காலமாக ஆவணப்படங்களைத் திரையிட்டு வருகிறது. பண உதவிக்குக் கொல்கத்தாவின் டாக்எட்ஜ், ஆம்ஸ்டர்டாமின் ஐ.டி.எஃப்.ஏ. பெர்தா நிதி ஆகியவற்றைப் பாருங்கள்.

படி 13: படம் முடிந்த பிறகு

முதல் பார்வையாளர்கள், படத்தில் பேசியவர்களாக இருக்கட்டும். விழா அறிவிப்பு வருமுன் அவர்களுக்குத் தனியாகப் போட்டுக் காட்டுங்கள். ஊரில் நிலைமை மாறியிருக்கிறதா, யாருக்காவது புதிய சிக்கல் வந்திருக்கிறதா என்று விசாரியுங்கள். ஒரு முகத்தை நீக்க வேண்டும் என்றால், படம் பலவீனமானாலும் நீக்குங்கள். வெளியான பிறகும் தொடர்பில் இருங்கள். கிளிநொச்சியில் 2017 பிப்ரவரி 20 அன்று காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். பதில் கிடைக்காமலே அவர்களில் பல பெற்றோர் இறந்துபோனார்கள். அவர்களைக் கேமராவில் பதிந்த ஒவ்வொருவரும் அந்தக் குடும்பங்களுக்குக் கடன்பட்டவர்கள். இறந்தவரின் குரல் உங்களிடம் இருந்தால், அதன் பிரதியை அந்த வீட்டுக்குக் கொடுங்கள். வீட்டார் சம்மதித்தால் ஓர் ஆவணக் காப்பகத்துக்கும் கொடுங்கள்.

உங்கள் மனதையும் கவனியுங்கள். மாதக்கணக்கில் இந்தக் காட்சிகளைத் திரும்பத் திரும்பப் பார்ப்பவருக்குத் தூக்கம் கெடும், காரணமில்லாமல் கோபம் வரும். எடிட்டரோடு நேரம் வகுத்து வேலை செய்யுங்கள். தேவைப்பட்டால் மனநல மருத்துவரைப் பாருங்கள்.

கிளம்புமுன் சரிபார்க்க

• கேள்வி ஒரே வாக்கியத்தில் எழுதப்பட்டதா?
• கால அட்டவணையும் வரைபடமும் தயாரா?
• படப்பிடிப்பு அனுமதி, கருவிகளின் சுங்கச் சான்று, காப்பீடு கையில் இருக்கின்றனவா?
• உள்ளூர்த் துணைக்கு முழு விவரமும் தெரியுமா, சம்பளம் பேசியாயிற்றா?
• முகம் காட்டாமல் படம் எடுக்கப் பழகியாயிற்றா?
• தினமும் பேச ஊரில் ஓர் ஆள் ஏற்பாடா?
• படத்தில் பேசப்போகிறவர், அது வெளிவந்த மறுநாளும் தன் தெருவில் பயமில்லாமல் நடக்க முடியுமா?

கடைசிக் கேள்விக்கு "ஆம்" என்று சொல்ல முடியவில்லை என்றால், மற்ற எல்லாம் தயாராக இருந்தாலும் காத்திருங்கள். அந்தப் பதிலைச் சம்பாதிப்பதற்கு ஆகும் காலமும் படம் எடுக்கும் வேலையில் சேர்ந்ததுதான்.